அவர் பெல்ட்டுகளால் என் முதுகைக் கட்டிய நாட்கள்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மையார் அவர்களுக்கும்,

முதுகுவலிக்குக் கைப்பேசியில் வழி தேடிக்கொண்டிருப்பவர் எவரேனும் தங்கள் இல்லத்தில் இருந்தால், இதனை அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும்படி வேண்டுகிறேன். உட்கார முடியாவிட்டால் அவர் படுத்துக்கொண்டே வாசிக்கலாம். இதன் பெரும்பகுதி படுத்துக்கொண்டுதான் எழுதப்பட்டது.

என் பெயர் நவமணி. ஊர் ஆம்பூர். நான் மருத்துவம் கற்றவள் அல்லள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் காலணித் தொழிற்சாலையில் சேர்ந்தேன். தையல் எந்திரத்தில் பாதி வாழ்நாளும், தைத்ததில் பிழை பார்க்கும் செக்கிங் மேசையில் மீதியும் கழிந்து ஓய்வு பெற்றேன். எழுதும் முறையை எங்கள் தேவாலய வாசகசாலையில் கிடந்த பழைய பத்திரிகைகளிலிருந்து நானாகவே பழகிக்கொண்டேன். நடையில் குறை இருப்பின் பொறுத்தருள்க. செய்தியில் குறை இல்லை.

என் கணவர் சாமுவேல் தோலுக்கு நிறம் ஏற்றும் ஃபினிஷிங் வேலையில் கைதேர்ந்தவர். எங்கள் பக்கத்து ஆட்கள் பலரைப் போலவே அவரும் எத்தியோப்பியாவில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு ஒப்பந்தத்தில் சென்றிருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். வந்ததும் நாங்கள் இருவரும் ஏலகிரிக்குப் போவோம். மலைமேல் பார்க்க வேண்டியது என்று எங்களுக்கு எதுவும் இல்லை. அந்தப் பேருந்துக்காகவே போவோம். ஒரு வளைவில் நான் அவர்மேல் சாய்வேன். அடுத்த வளைவில் அவர் என்மேல் சாய்வார். ஆண்டு முழுவதும் தள்ளியிருந்த இருவர், சாய்ந்துகொள்வதற்குப் பேருந்தின்மேல் பழியைப் போட்டோம். மேலே ஒரு தேநீர் குடித்துவிட்டு அடுத்த வண்டியிலேயே இறங்கிவிடுவோம்.

இதுவே கடைசி ஒப்பந்தம், கிறிஸ்துமஸுக்குள் நிரந்தரமாகத் திரும்பிவிடுவேன் என்று சொல்லி அவர் புறப்பட்டுப் போன சில மாதங்களில், தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கும்போது என் இடுப்பில் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. அந்த வலி இடது பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்புறமாகக் கணுக்கால்வரை ஓடியது. நோயைப் பற்றிய பயம் எனக்குப் பின்னால்தான் வந்தது. அவர் திரும்பி வரும் நாளில் அந்தப் பேருந்தில் என்னால் உட்கார முடியுமா என்பதே முதல் பயமாக இருந்தது.

உள்ளூர் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். மாத்திரை எழுதினார். "நடந்துகினே இருங்க. சில வாரத்துல கம்மியாகும். கம்மியாகலன்னா திரும்பி வாங்க" என்றார். இவ்வளவுதானா என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து கைப்பேசியை எடுத்தேன்.

முதலில் கண்ணில் பட்ட பக்கத்தை இங்கே குறிப்பிட வேண்டும். வெள்ளைப் பரப்பில் கறுப்பு எழுத்து. படம் கிடையாது. வேற்று மொழியிலிருந்து தமிழாக்கியது போலும். நடை கரடுமுரடாக இருந்தது. எழுதிய மருத்துவர்களின் பெயர்களையும், அவர்கள் வேலைபார்க்கும் இடத்தையும், கடைசியாகத் திருத்திய நாளையும் அடியில் போட்டிருந்தார்கள். முதுகுவலி பெரும்பாலும் தானே குறையும், படுத்தே கிடக்காதீர்கள், எந்தச் சிகிச்சை யாருக்குப் பலன் தரும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல இயலாது என்பதே அதன் சாரம். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கட்டத்துக்குள், இன்னின்ன அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகவும் என்று எழுதியிருந்தது. தெரியாது என்று சொல்கிறவரிடம் யார் வைத்தியம் கேட்பார்? அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

இரண்டாவதாக வந்த பக்கத்தில் ஒரு படம் இருந்தது. என் வயதுள்ள ஒரு பெண்ணும் அவள் கணவரும் மலைப்பாதையில் கைகோத்து நடந்துகொண்டிருந்தார்கள். அறுவை வேண்டாம், மாத்திரை வேண்டாம், நூறு சதவீதம் குணம் என்று படத்தின்மேல் எழுதியிருந்தது. ஐயா, அந்தப் படத்தை நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அதன் கீழே எழுதியிருந்ததைச் சோதித்திருக்கலாம். சோதிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் கொடுத்திருந்த எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே பதில் வந்தது: 'அம்மா, வலி எப்படி இருக்கிறது? இரவு தூங்கினீர்களா?' அன்று முதல் ஒவ்வொரு காலையும் அந்தக் கேள்வி வந்தது. என் மகள் ஜெசி ஓசூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு விடிந்தால் ஓட்டம். எத்தியோப்பியாவிலிருந்து வரும் என் கணவருடைய அழைப்போ பாதிப் பேச்சில் அறுந்து போகும். 'தூங்கினீர்களா' என்று தவறாமல் கேட்டது அந்த எண் ஒன்றுதான். எண்ணெய் வாங்கச் சொன்னார்கள், வாங்கினேன். இடுப்பை இறுக்கும் ஒரு பட்டையைக் காலை முதல் உறங்கும்வரை, முடிந்தால் உறக்கத்திலும் கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் விற்ற பட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரெக்சின். எங்கள் ஊரில் ரெக்சினை நம்பி இடுப்பைக் கொடுப்பவர் யார்? அந்தப் பட்டையை மறுத்துவிட்டு, நல்ல தோலில் நானே ஒன்று செய்துகொள்ளத் தீர்மானித்தேன். பொருளைச் சோதித்துத் தள்ளினேன். அதைக் கட்டச் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். தோல் வேலை தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது என்று நினைக்கிறேன்.

அலமாரியில் அவருடைய பழைய பெல்ட்டுகள் இரண்டு தொங்கின. ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. இரண்டையும் மேலும் கீழுமாக ஒரு பழைய தோல் துண்டின்மேல் வைத்துக் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு நூலால் தைத்தேன். அதைக் கட்டிக்கொண்டபோது இரண்டு பக்கிள்களும் வயிற்றில் குளிர்ந்தன. உடல் சூட்டில் தோல் இளகியதும் அவருடைய வாசனை வந்தது. வலி குறைந்ததுபோல் இருந்தது. குறைந்தது வலிதானா என்று அப்போது எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. இன்று தெரிகிறது.

பக்கத்து வீட்டு ஷகிலா, தொழிற்சாலையில் என்னோடு ஒரே லைனில் தைத்தவள், அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, பயில்வான் மாதிரி கட்டிக்கினு கீறே?"

"வைத்தியம் ஷகிலா."

"எந்த டாக்டரு சொன்னாரு?"

"போன்ல."

"போன்லயா! எங்க மாமியாருக்கு ஷுகருக்கு போன்ல பாத்துதான் பாகற்காயா குடுத்தேன். கிழவி என்னைய பாத்தாலே மூஞ்சிய திருப்பிக்குது. ஒரு தபா காட்டிட்டு வாக்கா."

"தினமும் விசாரிக்கிறாங்க ஷகிலா. நீகூட விசாரிக்கல."

அவள் முகம் வாடியது. அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்பியதுண்டு.

மழைக்காலம் தொடங்கிய பின், என் இடது செருப்பின் முன்நுனி தேய்ந்திருப்பதைக் கண்டேன். காலணி தேயும் விதத்தைப் பார்த்தே நடையைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசியவள் நான். முன்நுனி தேய்ந்தால் பாதம் தூக்கப்படாமல் தரையில் இழுபடுகிறது என்று பொருள். பிறர் செருப்பாயிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். என் செருப்புக்கு, 'மட்டமான சோல்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பின்பு ஒருநாள் கடையிலிருந்து திரும்பும்போது ஷகிலா பின்னாலிருந்து கூவினாள்: "அக்கா, ஒரு செருப்ப வழியிலேயே வுட்டுட்டு போறே!" குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறன்று தேவாலயத்தில் மர இருக்கையில் அமர்ந்தேன். அமர்ந்தது தெரியவில்லை. பலகைக்கும் எனக்கும் நடுவில் யாரோ பஞ்சுப்பொதியை வைத்தது போலிருந்தது. அந்த எண்ணுக்கு எழுதிக் கேட்டேன். 'மரத்துப்போவது நல்ல அறிகுறி அம்மா. நரம்பு ஓய்வெடுக்கிறது. தைலத்தைத் தொடருங்கள்' என்று பதில் வந்தது. மனம் அமைதி அடைந்தது. உண்மையைச் சொல்வதானால், அமைதி அடைய விரும்பியது, அடைந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் வாரங்கள் வந்துவிட்டால் அவர் வந்துவிடுவார் என்று நாட்களைத் தள்ளினேன்.

ஒருநாள் காலை சிறுநீர் கழிக்க முடியவில்லை. அடிவயிறு நிறைந்து இறுகியிருந்தது. உட்கார்ந்து பார்த்தேன், குழாயைத் திறந்துவிட்டு அதன் ஓசையைக் கேட்டுப் பார்த்தேன், வரவில்லை. அப்போதுதான், படம் இல்லாத அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த கட்டம் நினைவுக்கு வந்தது. கைப்பேசியில் தேடி எடுத்தேன். காலில் பலவீனம், உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க இயலாமை. மூன்றும் எனக்கு வந்த அதே வரிசையில் இருந்தன. அதே கரடுமுரடான தமிழ். சுவரைத் தட்டி ஷகிலாவை அழைத்தேன்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் என்னை அதிகம் வைத்திருக்கவில்லை. வேலூருக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். நெடுஞ்சாலையின் ஒவ்வொரு மேட்டிலும் ஷகிலா என் இடுப்பைத் தன் இரு கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "நானு விசாரிக்கலன்னு சொன்னியே, இப்ப விசாரிக்கறேன். எப்டிக்கா கீது?" என்றாள். அழுதுகொண்டே சிரிக்கச் செய்வது அவளுக்குக் கைவந்த கலை.

வேலூரின் அந்தப் பெரிய மருத்துவமனைக் கூடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதி இந்தியா அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். என்னை அந்தப் பெஞ்சுகளில் உட்கார வைக்காமல் நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அதுவே எனக்குப் பெரும் பயத்தைத் தந்தது. காத்திருக்கச் சொல்லும்வரை ஆபத்தில்லை என்பதை அன்று அறிந்தேன்.

என்னைப் பார்த்தவர் இளம் பெண் மருத்துவர். இடுப்புப் பட்டையைக் கத்தரிக்கச் செவிலியர் ஒருவர் கத்தரிக்கோலை எடுத்தபோது, "வெட்டாதீங்கம்மா, வெட்டாதீங்க" என்று கெஞ்சினேன். ஷகிலா இரண்டு பக்கிள்களையும் கழற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள். தோலின் தையல் வரிசை என் வயிற்றில் பதிந்திருந்தது.

மருத்துவர் ஒரு சிறிய ஊசியைக் காட்டினார். "இதால லேசா தொடுவேன். குத்துறது தெரிஞ்சா சொல்லுங்கம்மா."

தொடையில் தெரிந்தது. கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"எப்பம்மா குத்துவீங்க?" என்று கேட்டேன்.

"குத்திட்டேன்மா" என்றார்.

எம்.ஆர்.ஐ. எனப்படும் சோதனை, காந்தத்தின் உதவியால் உடலின் உள்ளே படம் எடுப்பது. குகை போன்ற குழாய்க்குள் அசையாமல் கிடக்க வேண்டும். வலி இல்லை, பெருத்த ஓசை மட்டும் உண்டு. அந்த ஓசையில் தையல் கூடமே ஓடுவது போலிருந்தது. படத்தைக் காட்டி மருத்துவர் விளக்கினார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற வட்டுகள் உண்டு. காலணிக்குள் இருக்கும் இன்சோல் போல் என்று நான் புரிந்துகொண்டேன். என் இடுப்புப் பகுதியில் ஒரு வட்டு பிதுங்கி, குதிரைவால் மயிரைப் போல் கொத்தாக இறங்கும் நரம்புகளை நெரித்திருந்தது. கால்களுக்கும், உட்காரும் இடத்துக்கும், சிறுநீர்ப்பைக்கும் உணர்வு கொண்டுபோகும் நரம்புகள் அவை. தாமதமின்றி அறுவை செய்து அழுத்தத்தை எடுக்க வேண்டும் என்றார்.

"எடுத்தா பழையபடி நடப்பேனாம்மா?"

அவர் என் கால்மாட்டில் குனிந்து, கட்டைவிரலைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தெரியலம்மா. கொஞ்சம் வரும்னு நம்புறேன். எவ்ளோ வரும், எப்ப வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

தெரியாது என்ற சொல்லுக்காக ஒரு பக்கத்தை மூடியவள் நான். அந்த மேசையில் கிடந்தபடி, அதே சொல்லைப் பற்றிக்கொண்டு கையெழுத்திட்டேன்.

ஓசூரிலிருந்து ஜெசி வந்து சேர்ந்திருந்தாள். "அப்பாவுக்கு சொல்லிடறேன்மா" என்றாள்.

"வேணாம். பாதி ஒப்பந்தத்துல எழுந்து ஓடி வந்துடுவாரு. நா நடக்கறப்ப சொல்லிக்கலாம்."

"நடக்கலன்னா?"

அவள் கேட்க நினைத்துக் கேட்டதல்ல. வாயைப் பொத்திக்கொண்டாள். என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அறுவைக்குப் பிந்தைய நாட்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. முதுகில் கட்டு, பக்கத்தில் தொங்கும் சிறுநீர்ப் பை. கதீட்டர் என்பது சிறுநீரை வெளியேற்றச் செலுத்தும் மெல்லிய குழாய். அதைப் பற்றி வெட்கப்பட்டு எவரும் எழுதுவதில்லை. நானும் முதல் நாட்களில் போர்வையால் மூடிக்கொண்டேன். காலில் ஓடிய வலி அறவே நின்றிருந்தது. ஆனால் பாதம் தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டிலில் வங்காளத்திலிருந்து வந்த ஓர் அம்மையார் இருந்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. நடைப்பயிற்சிக்கு என்னை எழுப்பும்போதெல்லாம், கழன்று கிடக்கும் என் இடது செருப்பை அவர் தம் கைத்தடியால் என் பாதத்தருகே தள்ளிவிடுவார். கட்டணச் சீட்டுகளைப் பற்றி ஜெசி என்னிடம் வாய்திறக்கவில்லை. நான் உறங்கிவிட்டதாக எண்ணி வராந்தாவில் யாருடனோ தாழ்ந்த குரலில் பேசுவாள். உள்ளே வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள்.

அந்த நாட்களிலும் காலைதோறும் கைப்பேசி ஒலித்தது. 'அம்மா, வலி எப்படி இருக்கிறது? இரவு தூங்கினீர்களா?' பல நாட்கள் பார்த்துவிட்டு, ஒரு காலை பதில் எழுதினேன். 'எனக்கு முதுகில் அறுவை நடந்துவிட்டது. இடது பாதத்தில் உணர்வு இல்லை' என்று எழுதினேன். விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது: 'மிக்க மகிழ்ச்சி அம்மா! உங்களைப் போல் பலரும் பலனடைகிறார்கள். இரண்டாவது பாட்டிலுக்கு இன்றே சொல்லுங்கள்.'

ஜெசி வாங்கிப் பார்த்தாள். "இது ஆளே இல்லம்மா. மெஷினு. எதப் போட்டாலும் இதான் வரும்."

"தூங்கினீங்களான்னு கேட்டது?"

"அதுவும்தான்."

நோயின்போது நான் அழுதது அதிகம் இல்லை. அன்று அழுதேன். யாரோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து தினமும் என்னை நினைத்தான் என்று எண்ணியிருந்தேன். ஷகிலாவிடம்கூட அதைச் சொல்லிக் காட்டினேன்.

அந்த இளம் மருத்துவர் வார்டுச் சுற்றுக்கு வந்தபோது ஜெசி கைப்பேசியில் அந்த எண்ணெய்ப் பக்கத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முழுப் பக்கத்தையும் கடைசிவரை வாசித்தார்.

"எழுதுனவங்க யாரும்மா?"

"பேரு இல்ல."

"எப்ப எழுதுனாங்க?"

"அதுவும் இல்ல."

"அடியில இன்னா இருக்கு பாருங்க."

அடியில் எண்ணெய் வாங்கும் பொத்தான் இருந்தது.

"ஆனா அம்மா, இதேதான் வேற அஞ்சாறு பக்கத்துலயும் இருந்துச்சி. அத்தனை பேரு சொல்றாங்களேன்னுதான் நம்புனேன்."

அவற்றையும் எடுக்கச் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினேன். அப்போதுதான் கண்டேன்: வாக்கியங்கள்கூட மாறவில்லை. ஒரே சரக்குக் கட்டைப் பிரித்து ஆறு மேசைகளில் வைத்திருந்தார்கள். கீழே 'எனக்குச் சரியாகிவிட்டது' என்று எழுதியவர்களை நான் சாட்சிகளாக எண்ணியிருந்தேன். சரியாகாதவர்கள் என்னைப் போல் ஏதோ ஒரு வார்டில் கிடந்திருக்கக்கூடும். அவர்கள் அங்கே வந்து எழுதுவார்களா?

எங்கள் தொழிற்சாலையில் ஷூவின் மேல்பாகங்கள் கட்டுக்கட்டாகச் செக்கிங் மேசைக்கு வரும். ஒவ்வொரு கட்டிலும் ஒரு டிக்கெட் செருகியிருக்கும்: எந்த லைன், எந்த மேசை, தைத்தவர் பெயர். பிழை இருந்தால் அவரிடமே திரும்பிப் போகும். டிக்கெட் இல்லாத கட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தொட்டதில்லை. சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் தொட்டதில்லை. என் முதுகு விஷயத்தில் மட்டும், டிக்கெட் இல்லாத கட்டை நெஞ்சோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இதை மருத்துவரிடம் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டு, "பேரு போட்டுட்டா மட்டும் சரியாயிடாதும்மா. பேரையும் பொய்யா போடலாம். அந்த ஆளு நெசமா அங்க இருக்காரா, அவரு பொருள் எதையும் விக்கிறாரா, எப்ப ஆஸ்பத்திரிக்கு போகணும்னு சொல்றாரா, இதெல்லாம் பாக்கணும். ஆஸ்பத்திரிக்கு போகாதேன்னு ஒருத்தர் சொன்னா, அங்கயே மூடிடுங்க" என்றார்.

"இந்த பெல்ட்டாலதான் இப்டி ஆச்சாம்மா?"

"அப்டி சொல்ல முடியாது. கட்டலன்னாலும் பிதுங்கியிருக்கலாம். நஷ்டம் பெல்ட்டால இல்ல, தாமதத்தால. செருப்பு கழன்டு வுழுந்த அன்னிக்கே வந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கியவர், முடிக்கவில்லை. முடிக்காததற்கு அவருக்கு நன்றி உடையேன்.

சில நாட்களில் என் கணவர் வீடியோவில் அழைத்தார். முகம் மட்டும் தெரியும்படி கைப்பேசியை நெருக்கிப் பிடித்துக்கொண்டேன். தலை வாரி, பொட்டில்லாத நெற்றியில் கொஞ்சம் பவுடரும் போட்டிருந்தேன்.

"இன்னா நவமணி, நல்லா கீறியா?"

"நல்லா கீறேன்."

"சுவரு இன்னா பச்சையா கீது?"

வாழ்நாள் முழுவதும் நிறம் பார்த்த கண்ணை எப்படி ஏமாற்றுவது?

"ஷகிலா வூடு."

"ஷகிலா வூடு நீலம். இது ஆஸ்பத்திரி பச்சை. போன தள்ளிப் புடி."

தள்ளிப் பிடித்தேன். கட்டில் கம்பியும், தொங்கும் பையும் தெரிந்தன. திரையில் அவர் முகம் அசையாமல் நின்றது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அவர் கண் இமைத்தது.

"கேக்கறப்பல்லாம் நல்லா கீறேன்னியே."

"பெல்ட்டு கட்டிக்கினு இருந்தேங்க. நல்லா ஆயிடும்னு."

"எந்த பெல்ட்டு?"

"உங்களோடது. ரெண்டும்."

"அது பேண்ட்டு நழுவாம இருக்கக் கட்டறதுடி" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். குரல் பாதியில் உடைந்தது. உடனே புறப்படுவதாகச் சொன்னார். வேலையைக் கைமாற்ற ஆள் இல்லை என்று அங்கே விடவில்லை. காலைதோறும் வேலைக்குப் போகுமுன் அழைத்தார். 'தூங்குனியா' என்று கேட்பார். இல்லை என்றால் சண்டை போடுவார். மெஷின் சண்டை போடுவதில்லை, ஐயா.

வீடு திரும்பினேன். சிறுநீர்க் குழாயை எடுத்தபின் சிறிது காலம் அச்சத்தோடு கழிந்தது. பிறகு உணர்வு மெல்ல மெல்ல வந்தது. முதன்முதலாக நாற்காலியின் பிரம்புப் பின்னல் எனக்குக் கீழே தெரிந்த அன்று ஷகிலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பிரம்பு குத்துதுன்னு சந்தோஷப்படுற மொத ஆளு நீதான்" என்றாள். பாதம் மட்டும் முழுதாக எழவில்லை. அதைத் தூக்கி நிறுத்தும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றைக் காலணிக்குள் அணிந்து, கைத்தடியோடு நடக்கிறேன். இன்னும் வரலாம் என்கிறார் மருத்துவர். எவ்வளவு என்று தெரியாது என்கிறார்.

அட்வென்ட் இரண்டாம் வாரத்தில் அவர் வந்தார். ரயில் நிலையத்துக்கு நான் போகவில்லை, வாசலில் நின்றேன். நின்றேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அவர் இளைத்திருந்தார். உள்ளே வந்ததும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "என் பெல்ட்டு எங்க?" என்று கேட்டார்.

ஷகிலா பத்திரப்படுத்திக் கொடுத்திருந்ததை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கத் தையலைப் பிரித்தேன். நூல் எளிதாக வந்துவிட்டது. துணியானால் துளை மூடிக்கொள்ளும். தோலில் விழுந்த ஊசித்துளை மூடாது. அதனால்தான் எங்கள் லைனில் தையல் பிசகினால் அந்தத் துண்டையே ஒதுக்கிவிடுவோம். கறுப்பு பெல்ட்டின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் என் குத்தூசித் துளைகள் வரிசையாக நின்றன. புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அவர் வெளிச்சத்துக்கு எதிரே அதைப் பிடித்துப் பார்த்தார்.

"தையலு நேரா கீது" என்று சொல்லிக் கட்டிக்கொண்டார்.

ஏலகிரிக்கு நாங்கள் இன்னும் போகவில்லை. வளைவுகளில் உடல் திருகுவது இப்போதைக்குக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாலையில் தெருமுனைவரை நடக்கிறோம். வலப்பக்கம் கைத்தடி, இடப்பக்கம் அவர். இடது கால் இழுபடும்போது நான் அவர்மேல் சாய்கிறேன். அவர் சாய்வதற்கு மட்டும் வளைவு இல்லை. மலைப்பேருந்து தெருமுனையைக் கடக்கும்போது இருவரும் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அடுத்த சோதனைக்குப் போகும்போது, அந்தப் பேருந்தில் ஏறலாமா என்று மருத்துவரிடம் மறுபடி கேட்பதாக இருக்கிறேன்.

ஐயா, அம்மா, இந்தக் கட்டுக்கும் டிக்கெட் வைக்கிறேன். எழுதியவள் நவமணி, ஆம்பூர், செக்கிங் மேசையில் ஓய்வு பெற்றவள். மருத்துவம் கற்றவள் அல்லள். விற்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. என் முதுகுக்கு நடந்தது இது. தங்கள் முதுகுக்கு எது நல்லதென்று எனக்குத் தெரியாது. உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்காவிட்டாலோ, சிறுநீர் வர மறுத்தாலோ, எந்தப் பக்கத்தையும் வாசித்துக்கொண்டிராமல், இதனையும் கீழே வைத்துவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போகவும்.

மற்ற நாட்களில் இந்தத் தாள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.